மைசூர்ப் புலியும் மாட்டு மந்தையும்

பரங்கிமலைக்கு நாம் போகாத ஆண்டு இல்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சில நிலையங்கள், பிறகு படிகள். உச்சியில் ஆலயத்தின் முன் நின்று பார்த்தால் ஒருபுறம் விமான நிலையமும், மறுபுறம் கிண்டியின் பசுமையும் தெரியும். 1769ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அங்கே நின்றவர்கள் கண்ட காட்சியோ வேறு. மலையைச் சுற்றிக் குதிரைகள்! மைசூர் ஹைதர் அலி ஏறத்தாழ 6,000 குதிரை வீரர்களுடன், மூன்றரை நாளில் 130 மைல் கடந்து வந்து இங்கே பாளையம் இறங்கியிருந்தார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் வேறு வழியின்றி உடன்படிக்கைக்கு இணங்கினார்கள்.

அந்த ஹைதரின் மூத்த மகன்தான் திப்பு சுல்தான். அவருடைய வாளையும், புலிச் சின்னத்தையும், ஏவுகணைகளையும் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். மாடும் குதிரையும், கொள்ளும் கேழ்வரகும் அவருடைய வாழ்க்கையில் எவ்வளவு பெரிய இடம் பெற்றிருந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

திப்பு பெங்களூருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தைக்கு எழுத்தறிவு இல்லை. ஆகவே மகனுக்கு ஆசிரியர்களை அமர்த்தினார். படிப்போடு குதிரையேற்றமும் வந்தது. முதல் மைசூர்ப் போரின்போது, 1767 செப்டம்பர் வாக்கில், சென்னையின் புறநகர்வரை குதிரைப்படையோடு வந்து, வெள்ளைக்கார வணிகர்களின் தோட்ட வீடுகளைச் சூறையாடியது அந்தப் பிள்ளைதான். அப்போது வயது பதினாறு, பதினேழு இருக்கும். நம் பள்ளியின் மேல் வகுப்பு அக்காமார்களின் வயது!

இவ்வளவு வேகமாக ஒரு படை நடமாட வேண்டுமானால் குதிரை மட்டும் போதுமா? பீரங்கியை இழுப்பது யார்? அரிசியும் வெடிமருந்தும் சுமப்பது யார்? எருதுகள்தாம். இங்கேதான் மைசூரின் உண்மையான பலம் இருந்தது.

மைசூர் அரசர்களிடம் பழங்காலம் முதலே ஹள்ளிகார் இனப் பசுக்களின் பெரிய மந்தை உண்டு. சிக்க தேவராஜ உடையார் காலத்தில் (1673-1704) அது ஓர் அரசுத் துறையாகவே வளர்ந்தது. அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தந்ததால் அதற்கு வெண்ணெய்ச் சாவடி என்று பெயர். ஹைதர் அந்த எருதுகளைப் போருக்குத் திருப்பினார். ஒருமுறை சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் நூறு மைல் அவை ஓடின என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1782 டிசம்பரில் ஹைதர் இறந்தபின் பட்டத்துக்கு வந்த திப்பு, அந்தத் துறைக்கு அமிர்த மகால் என்று புதுப் பெயர் சூட்டி, அதை நடத்துவதற்கு விரிவான விதிகளையும் வகுத்தார்.

மேய்ச்சலுக்கென ஒதுக்கிய நிலங்களுக்குக் காவல் என்று பெயர். கோடைக்காவல், மழைக்காவல், குளிர்காவல் என அவை மூவகை. கோடையில் நிழல் மரங்களும் ஏரிப் படுகையும் உள்ள இடம், மழை பெய்து புல் முளைத்ததும் வேறிடம், பனிக்காலத்துக்கு இன்னோரிடம். நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை, பள்ளி விடுமுறை. மைசூர் மேட்டு நிலத்திலோ அப்போது தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, கேழ்வரகுக் கதிர் முற்றத் தொடங்கியிருக்கும். எங்கும் புல் நிறைந்திருக்கும். மந்தைகளை அடுத்த காவலுக்கு ஓட்ட வேண்டும். அறுவடைக்குப் பின் கேழ்வரகுத் தாளைப் போராகப் போட்டுக் கோடைக்குச் சேமிக்க வேண்டும். மழையின் கடைசி ஈரத்தில் விதைத்த கொள்ளுதான் குதிரைக்கு ஆகாரம். அதை அவித்துக் கொடுப்பது தென்னாட்டு வழக்கம்.

இந்தப் பசுக்கள் நம் வீட்டுத் தொழுவத்துப் பசுவைப்போல் அல்ல. கொட்டகை அறியாதவை, கூரிய நீண்ட கொம்பு, மேய்ப்பவரைத் தவிர வேற்றாள் நெருங்கினால் பாயும். பாலும் கன்றுக்குப் போக மிகுவது சொற்பமே. காளைக் கன்று வளர்ந்ததும் அதைச் சுருக்குக் கயிற்றால் பிடித்து, கம்பத்தில் கட்டி, பழகிய எருதோடு பிணைத்து நடை பழக்குவார்கள். ஆண்டுதோறும் மந்தையைக் கணக்கெடுக்கும்போது திப்பு மிகுந்த அக்கறை காட்டினார் என்பார்கள்.

குதிரைக்கு இவ்வளவு எளிதாக வழி பிறக்கவில்லை. நல்ல குதிரைகள் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் வரவேண்டும். திப்பு மஸ்கட்டில் ஒரு வணிக நிலையமே வைத்திருந்தார். உள்நாட்டிலும் இனப்பெருக்கம் செய்யத் தும்கூர்ப் பக்கம் குணிகலில் அமைந்த பண்ணை அவர் காலத்தது என்பர். பின்னாளில் பந்தயக் குதிரைகளுக்குப் பெயர்பெற்றது அந்தக் குணிகல்தான்.

பயிர்த்தொழிலிலும் அவர் கை வைத்தார். வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வரவழைத்து மல்பெரி பயிரிடச் செய்தார். தரிசைத் திருத்துவோருக்கு முதலாண்டு வரி தள்ளுபடி. குற்றம் செய்த குடியானவர் அபராதத்துக்குப் பதில் ஊர் முகப்பில் மாமரமும் வாதுமை மரமும் நட்டு, ஓரளவு வளரும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. இந்தத் தண்டனை நமக்கு மிகவும் பிடித்திருந்தது!

ஆனால் பிடிக்காததையும் சொல்லத்தானே வேண்டும். 1780இல் ஹைதரும் திப்புவும் மறுபடி இறங்கி வந்தது ஆடி, ஆவணியில். சம்பாவுக்கு உழவர்கள் ஏரோட்டும் பருவம். செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படை அழிந்தது என்று வரலாறு பெருமையாகச் சொல்கிறது. அந்தப் போரில் எரிந்த கிராமங்களும், ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகளும், விதைக்காமல் கிடந்த கழனிகளும் நம் செங்கற்பட்டுச் சீமையுடையவை. தன் மந்தையின் கன்றுக்குக்கூடக் கணக்கு வைத்த அரசரின் படை, ஏழை உழவனின் ஒற்றை ஏர் மாட்டை விட்டுவைக்கவில்லை. கும்பினியார் படையும் இதில் சளைத்ததல்ல. 1784இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்க மக்கள், ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்ற பேரில், குடும்பம் குடும்பமாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியிலும் சிறையிலும் இறந்தவர் பலர். தப்பியவர்கள் விடுதலை கண்டது திப்பு இறந்த பிறகே. அதன்பின் அங்கே வந்து, சிதறிய மக்களைக் கூட்டி, உழவுக் குடியிருப்புகள் ஏற்படுத்திக் கொடுத்தவர் துபுவா பாதிரியார். அவர் கதையைத் தனியே எழுதவேண்டும்.

1791 மே மாதம் கார்ன்வாலிஸ் பிரபு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை வந்துவிட்டார். கோட்டை அன்று தப்பியது, பெரும்பாலும் மாடுகளால்! கும்பினியாரின் எருதுகள் தீனியின்றியும் நோயாலும் ஆயிரக்கணக்கில் செத்து விழ, பெரிய பீரங்கிகளை இழுக்க ஆளில்லை. அவற்றை உடைத்துப் போட்டுவிட்டு அவர் திரும்பினார். அடுத்த ஆண்டு தயாராக வந்தபோது திப்பு பணிய வேண்டியதாயிற்று. பாதி நாடும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கேட்டார்கள். பணம் தீரும்வரை இரண்டு சிறு மகன்களைப் பிணையாக ஒப்படைத்தார். அந்தச் சிறுவர்கள் வளர்ந்தது சென்னையில். 1794இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். தோற்றதைவிட அந்த இரண்டாண்டுகளே அவருக்குக் கொடியவையாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1799 மே 4ஆம் நாள் கோட்டை விழுந்தது. திப்பு கோட்டை வாயிலருகே போரிட்டு மடிந்தார்.

மந்தை கும்பினியார் கைக்குப் போயிற்று. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி 1803இல் மராட்டியரோடு போரிட்டபோது இந்த எருதுகளையே நம்பினார். ஸ்பெயின் நாட்டுப் போரில் இவை இல்லையே என்று ஏங்கினாராம். இடையில் நிர்வாகம் கெட்டு மந்தை மெலிந்தபோது, 1813இல் சென்னை இராணுவம் பொறுப்பேற்றுத் தேற்றியது. 1860இல் சிக்கனம் என்று சொல்லிச் சென்னை அரசு மந்தையைக் கலைத்து விற்றது. நல்ல மாடுகள் பல எகிப்துக்குக் கப்பலேறின. சில ஆண்டுகளில் பீரங்கி இழுக்க மாடு கிடைக்காமல் திண்டாடி, 1866இல் மிஞ்சியவற்றைத் தேடிப் பிடித்து மறுபடி மந்தை கட்டினார்கள். அந்த இனம் கர்நாடகத்தில் சிக்கமகளூர்ப் பக்கம் அஜ்ஜம்புராப் பண்ணையில் இன்றும் வளர்கிறது. கொம்பும் கோபமும் குறையாமல்.