தன் இருதயத்தைத் தானே கண்டவர்

சென்ற ஆவணி மாதம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியின் முன்னே என் தந்தையார் மார்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். இராஜபாளையத்தில் பார்த்தவர்கள் மாரடைப்பு என்றனர். சில நாட்களில் திருவில்லிபுத்தூரில் எக்கோ எடுத்த மருத்துவர் தாளில் 38 சதவீதம் என்று எழுதித் தந்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவனே. ஆகவே அத்தாளை எல்லோரும் என்னிடம் நீட்டினர். எனக்கும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளத் தேடியபோது அறிமுகமானவர்தான் வெர்னர் ஃபோர்ஸ்மன்.

1904ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். முதல் உலகப் போரில் தந்தையை இழந்தவர். 1929இல் எபர்ஸ்வால்டே என்னும் சிறு நகரின் மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. கையின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய இரப்பர்க் குழாயைச் செலுத்தினால், மார்பைக் கிழிக்காமலேயே இருதயத்தை எட்டலாமன்றோ? குதிரைக்கு முன்பே அவ்வாறு செய்திருந்தார்கள். மனிதனுக்குச் செய்தால் உயிர் போய்விடும் என்பதே அக்கால அச்சம். தலைமை மருத்துவர் அனுமதி மறுத்தார்.

கருவிகளின் சாவி கெர்டா டிட்சன் என்ற செவிலியிடம் இருந்தது. சோதனையைத் தம்மீது செய்வதானால் தருவதாக அவர் இசைந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் கட்டினார். அவர் கையில் மருந்து தடவிப் பாசாங்கு செய்தார். அதற்குள் தம் இடக்கையை மரக்கச் செய்து, கீறி, குழாயை உள்ளே செலுத்திவிட்டார்! பிறகு கட்டை அவிழ்த்து, குழாய் தொங்கும் கையோடு படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். கண்ணாடியில் பார்த்தவாறே 65 சென்டிமீட்டர் வரை தள்ளினார். முனை இருதயத்தின் வலது மேலறைக்குள் நின்றது. அதைப் படமும் எடுத்தார். அவரை வீரர் என்பதா, ஒரு பெண்ணைக் கட்டிவைத்து ஏமாற்றியவர் என்பதா? எனக்கு இரண்டும்தான் தோன்றுகிறது.

புகழ் வரவில்லை. பெர்லின் சாரிட்டே மருத்துவமனை அவரை வெளியேற்றியது. பின்னர் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைத் தம் இருதயத்துக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். படம் தெளிவாக விழவில்லை. இறுதியில் சிறுநீரக மருத்துவத்துக்கு மாறிவிட்டார். 1932இல் நாஜிக் கட்சியில் சேர்ந்ததையும் மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. போருக்குப் பின் மரம் வெட்டிப் பிழைத்தார். கிராம மருத்துவராகவும் இருந்தார். இதற்கிடையே நியூயார்க்கில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் அதே குழாய் முறையை வளர்த்திருந்தனர். 1956இல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

என் தந்தையாரின் 38 அந்தக் குழாயின் வழிவந்ததே. பின்வந்தோர் குழாய் வழியே மருந்து செலுத்தி இடது கீழறையைப் படமெடுத்தனர். அறை நிறைந்திருக்கையில் உள்ள இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்று கணக்கிட்டனர். நல்ல இருதயத்தில் அது ஏறத்தாழ 55க்கு மேல் இருக்கும். மாரடைப்பில் தசை செத்தால் குறையும். இந்த எண் 40க்குக் கீழே இறங்க இறங்க, ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் ஏறுவதை 1983இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்று இதற்குக் குழாயும் வேண்டியதில்லை. 1953இல் சுவீடனில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் தொடங்கிய கேளா ஒலி முறையில், மார்பின்மேல் கருவியை வைத்தாலே போதும்.

ஆயினும் முதல் வாரத்து எண் முடிந்த முடிவன்று. சில தசைகள் சாகாமல் மயங்கிக் கிடக்கும், நாளடைவில் தெளியும். கார்த்திகையில் மீண்டும் எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஃபோர்ஸ்மன் 1979 ஜூன் 1ஆம் நாள் இருதயம் செயலிழந்து காலமானார். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. குழாயோடு படியிறங்கிய கதையை மட்டும் சொன்னேன். அந்தக் கையில் அப்புறம் என்ன துணி கட்டினார்கள் என்று கேட்டார்.