வீட்டுக்குள் ஆர்க்கிட் வளர்க்கிறீர்களா? அப்படியென்றால் இவரை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்

உங்கள் வீவக வீட்டில் சன்னல் பக்கமாக ஓர் ஆர்க்கிட் தொட்டி இருக்கிறதா? சீனப் புத்தாண்டுக்கு வாங்கியதாக இருக்கலாம். யாரோ பரிசாகக் கொடுத்ததாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் பூத்தது. அப்புறம் பூ உதிர்ந்தது. இப்போது இலை மட்டும் நிற்கிறது. தூக்கிப் போட மனமில்லை, மறுபடி பூக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை.

பகலெல்லாம் புழுக்கம். இரவிலும் வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை. எதிர்ப் புளோக் மறைப்பதால் வெயிலும் அவ்வளவாக வராது. இந்த ஊர் வெப்பத்தையும் ஈரத்தையும் எதிரியாகப் பார்க்காமல், அதற்கேற்ற ஆர்க்கிட்டை உருவாக்கினால் என்ன என்று கிட்டத்தட்ட 100 ஆண்டுக்கு முன் சிங்கப்பூரில் ஒருவர் வேலையைத் தொடங்கினார். அவர் பெயர் ரிச்சர்ட் எரிக் ஹோல்ட்டம்.

யார் இவர்?

1895ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்‌ஷியர் வட்டாரத்தில் லிண்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஆயுதம் ஏந்த மறுக்கும் குவாக்கர் கிறிஸ்துவக் குடும்பம். அதனால் முதல் உலகப் போரில் அவர் துப்பாக்கி தூக்கவில்லை. குவாக்கர்கள் நடத்திய மருத்துவ உதவிப் பிரிவில் சேர்ந்து, போர்முனையில் காயம்பட்டவர்களுக்கு உதவினார். பிரான்ஸ் அவருக்கு வீர விருது கொடுத்தது. போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் தாவரவியல் படிப்பை முடித்தார்.

1922ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பூமலைக்குத் துணை இயக்குநராக வந்தார். 3 ஆண்டில் இயக்குநர். உண்மையில் அவருக்குப் பெரணிச் செடிகள் மேல்தான் முதல் காதல். கடைசிவரை அதுதான். ஆனால் சிங்கப்பூர் அவரை நினைவில் வைத்திருப்பது ஆர்க்கிட்டுக்காக.

விதையில் என்ன சிக்கல்?

ஆர்க்கிட் விதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தாலும் விதை என்று நினைக்கமாட்டீர்கள். முகப் பவுடர் மாதிரி இருக்கும். ஒரே காயில் லட்சக்கணக்கில் இருக்கும். அவரை விதையிலோ நெல்லிலோ முளைக்குத் தேவையான உணவு உள்ளேயே இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் அது கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை அதற்கு உணவு கொடுக்கவேண்டும். பூஞ்சை கிடைக்காத விதை அப்படியே வீண். லட்சத்தில் ஒன்றிரண்டு பிழைத்தாலே அதிர்ஷ்டம்.

அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் தாய்ச்செடியின் வேருக்குப் பக்கத்தில் விதையைத் தூவிவிட்டுக் காத்திருப்பார்கள். அங்கே பூஞ்சை இருந்தால் முளைக்கும். இல்லையென்றால் இல்லை.

ஹோல்ட்டம் சிங்கப்பூருக்கு வந்த அதே 1922ல், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன் என்ற ஆய்வாளர் ஒரு வழியை வெளியிட்டார். பூஞ்சை செய்யும் வேலையைச் சர்க்கரை செய்யும் என்பதுதான் அது. சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகர் அகர் கூழைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அதன்மேல் விதையைத் தூவினால் போதும். ஆமாம், பெருநாளுக்கு நம் வீட்டில் செய்யும் அதே அகர் அகர்தான், கடற்பாசியிலிருந்து எடுப்பது.

கேட்க எளிது. ஆனால் சிங்கப்பூர்க் காற்றில் சர்க்கரைக் கூழைத் திறந்து வைத்துப் பாருங்கள். மறுநாளே பூசணம் பிடித்துவிடும். ஒரு துளி அழுக்கு உள்ளே போனால் மொத்தக் குடுவையும் போச்சு. கூழையும் குடுவையையும் கொதிநீராவியில் சுத்தம் செய்யவேண்டும், விதையைக் கிருமிநீக்கி மருந்தில் கழுவவேண்டும், குடுவையின் வாயை நன்றாக அடைக்கவேண்டும். குடுவையை நேர் வெயிலிலும் வைக்கமுடியாது, உள்ளே வெந்துவிடும். மங்கிய வெளிச்சம், வெப்பம், ஈரப்பதம் மூன்றும் சேர்ந்த இடத்தில் அது மாதக்கணக்கில் இருக்கவேண்டும். யோசித்துப் பார்த்தால் அந்தக் குடுவைக்குள் இருந்தது கிட்டத்தட்ட உங்கள் வரவேற்பறைதான்.

1928ல் ஹோல்ட்டம் பூமலையில் இதை முறையாகத் தொடங்கினார். 1931ல் முதல் கலப்பினம் பூத்தது. ஸ்பத்தோகுளோட்டிஸ் பிரிம்ரோஸ் என்று அதற்குப் பெயர். அந்தப் பூவைப் பற்றி இன்று அதிகம் பேர் பேசுவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு சிங்கப்பூரில் ஆர்க்கிட் என்பது காட்டிலிருந்து பிடுங்கிவருவதாகவோ வெளியூரிலிருந்து கப்பலில் வருவதாகவோ மட்டும் இருக்கவில்லை. இங்கேயே உருவாக்கமுடியும் என்றாகிவிட்டது. காட்டு ஆர்க்கிட்டுகள் பல ஆண்டில் சில நாள்தான் பூக்கும். இங்குள்ள வெப்பத்தில் அடிக்கடி பூக்கும் செடிதான் வளர்ப்பவர்களுக்கு வேண்டியிருந்தது. பின்னாளில் பூவெட்டி ஏற்றுமதி செய்யும் தொழிலே இங்கு வளர்ந்தது.

அதே 1928ல் மலாயா ஆர்க்கிட் சங்கத்தை அமைத்தவர்களிலும் அவர் ஒருவர். கூட இருந்தவர்களில் ஜான் லேக்கோக் என்ற வழக்கறிஞரும் உண்டு. பின்னாளில் இளம் லீ குவான் இயூ வழக்கறிஞர் தொழிலில் முதலில் வேலைக்குச் சேர்ந்தது இவருடைய நிறுவனத்தில்தான்!

போர்க் காலத்தில் என்ன நடந்தது?

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஐரோப்பியர்களைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஹோல்ட்டமும் அவருடைய துணை இயக்குநர் கோர்னரும் மட்டும் பூமலையில் வேலையைத் தொடர்ந்தார்கள். தனக்காடத்தே ஹிடேஸோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் முதலில் பொறுப்பேற்றார். பிறகு தாவரவியலாளர் கொரிபா குவான் வந்தார். அறிவியல் பொக்கிஷங்கள் அழியக்கூடாது என்பதில் இரு தரப்புக்கும் ஒரே எண்ணம்.

சரி, இது துரோகமா? அப்படிச் சொன்ன பிரிட்டிஷாரும் உண்டு. குறிப்பாகக் கோர்னர்மீது அந்தக் கறை நெடுநாள் ஒட்டியிருந்தது. சாங்கி முகாமில் பசியோடு கிடந்தவர்களின் கோபத்தை நாம் குறைத்துப் பேசமுடியாது. அதே நேரத்தில், பூமலையின் நூலகமும் உலர்த்திப் பாதுகாத்த செடி மாதிரிகளும் கொள்ளை போகாமல் தப்பியதும் உண்மை. நிர்வாக வேலை இல்லாத அந்த ஆண்டுகளில் ஹோல்ட்டம் ஆராய்ச்சியில் மூழ்கினார். மலாயா ஆர்க்கிட்டுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 1953ல் வெளிவந்தது. நம் தாழ்நிலப் பகுதிகளில் வீட்டுத்தோட்டம் போடுவோருக்காக அவர் எழுதிய நூலும் அதே ஆண்டில்தான்.

1949ல் பூமலையை விட்டு, புதிதாகத் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலின் முதல் பேராசிரியரானார். 1954ல் இங்கிலாந்து திரும்பி, கியூ தோட்டத்தில் மறுபடி பெரணிகளோடு உட்கார்ந்தார். 90 வயதைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தார். 1990ல் காலமானபோது வயது 95.

உங்கள் தொட்டிக்கு என்ன செய்யலாம்?

முதலில் எந்தச் செடி என்று பாருங்கள். நம் தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிமுக்கு முழு வெயில் வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் உயரமாக வளரும், பூக்காது. டென்ரோபியத்துக்கும் நல்ல வெளிச்சம் தேவை. தாழ்வாரத்தில் வெயில் விழுந்தால் முயன்று பார்க்கலாம். மங்கிய வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்வது அகன்ற இலையுடைய ஃபலனோப்சிஸ். கடைகளில் பெரும்பாலும் விற்பது அதுதான்.

அது ஏன் மறுபடி பூப்பதில்லை? பூந்தண்டு கிளம்ப அதற்குக் கொஞ்சம் குளிர்ந்த இரவுகள் வேண்டும். அது உங்கள் குற்றம் அல்ல. இரவில் ஏர்கோன் ஓடும் அறையில் சில செடிகள் பூப்பதுண்டு. ஆனால் அங்கே காற்று காய்ந்துவிடும், அதையும் கவனிக்கவேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். சன்னலுக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்துங்கள்.

நம் ஊரில் ஆர்க்கிட்டைக் கொல்வது பெரும்பாலும் வறட்சி அல்ல, தேங்கிய ஈரம். காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். இலைகளின் நடுவில் நீர் நிற்கவிடாதீர்கள், அழுகிவிடும். மண் வேண்டாம், கரித்துண்டும் உடைத்த செங்கல்லும் போதும். காற்று ஓட வேண்டும். சின்ன மின்விசிறிகூட உதவும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசு காத்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் எதுவுமே பூக்கவில்லையா? பலத்த மழை பெய்து வெப்பநிலை சட்டென்று இறங்கிய நாளைக் குறித்துவையுங்கள். 9 நாள் கழித்துச் சாலையோர மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட் எல்லா மரத்திலும் ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்திருக்கும். மறுநாள் வாடிவிடும்.

பூமலைக்குப் போனால் ஹோல்ட்டம் மண்டபத்துக்குள் எட்டிப் பாருங்கள். 1921ல் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம், இப்போது மரபுடைமை அரும்பொருளகம். அவருடைய அலுவலகமும் ஆய்வுக்கூடமும் அங்கேதான் இருந்தன.