தமிழை அச்சில் ஏற்றிய முத்துக்குளித்துறை பாதிரியார்: யார் இந்த அண்டிரிக் அடிகளார்?

ஓலைச்சுவடியில் இருக்கும் நீளமான உரையை வெளியே எடுத்து, எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி கொடுக்க என்ன வழி? இன்னிக்கு கணினியில் ஒரு கட்டளை போதும். 16-ம் நூற்றாண்டில் இதற்கு விடை தேடியவர், புன்னைக்காயலில் வாழ்ந்த ஒரு போர்ச்சுகீசியர்.

எங்கிருந்து வந்தார்?

என்ரிக் என்ரிக்கஸ் என்ற அண்டிரிக் அடிகளார் 1520-ல் போர்ச்சுகல்லின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வம்சாவளி என்பதால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு இயேசு சபையில் சேர்ந்து 1546-ல் கோவா வந்தார். அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

அப்போது கொற்கை பழைய கதையாகிவிட்டது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் விலகிப்போக, துறைமுகம் முதலில் பழையகாயலுக்கும் பின்னர் புன்னைக்காயலுக்கும் நகர்ந்திருந்தது. அங்கே முத்துக் குளித்த பரவர் மக்களோடுதான் அவர் வாழ்ந்தார்.

தமிழை எப்படிக் கற்றார்?

தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை நம்பித்தான் பேச வேண்டியிருந்தது. சொன்னது ஒன்று, மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது வேறொன்று என்ற நிலை. அதனால் தானே தமிழ் படிக்க உட்கார்ந்தார். வேற்றுமை, வினைத்திரிபு என்று பேச்சிலிருந்து விதிகளைப் பிரித்தெடுத்து, போர்ச்சுகீசிய மொழியில் ஓர் இலக்கணமே எழுதிவிட்டார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில் இருக்கிறது. 2013-ல் ஆங்கிலத்திலும் வந்தது.

அச்சு ஏன் தேவைப்பட்டது?

கடற்கரை நெடுக ஊர்கள், பாதிரியார்களோ சிலர்தான். ஒரு ஓலையைப் பார்த்து இன்னொன்று எழுதும்போது சொல் விடுபடும், வரி மாறும். அச்சில் அந்தச் சிக்கல் இல்லை. பரவர் மக்கள் பணம் கொடுத்து உதவினார்கள். தமிழ் எழுத்துகள் கோவாவிலும் கொல்லத்திலும் வார்க்கப்பட்டன.

1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. வெறும் 16 பக்கம்தான். ஆனா, இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. 1579-ல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' 650 பக்கங்களைத் தாண்டியது. அந்தக்கால ஓலை வழக்கப்படி, முதல் நூலில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடும் கிடையாது. இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அந்த நூல்கள் என்ன ஆயின?

1600-ல் அடிகளார் புன்னைக்காயலில் காலமானார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய நூல்கள் இந்தக் கரையில் மறைந்துபோயின. 'தம்பிரான் வணக்கம்' ஹார்வர்டிலும், 'அடியார் வரலாறு' வத்திக்கானிலும் தங்கின.

நூலகப் பட்டியலில் ஒரு வரியாகக் கிடப்பது வேறு, முழு உரையும் வாசகர் கைக்கு வருவது வேறு. 1950-களில் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தேடி இந்தப் பழைய அச்சு நூல்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1967-ல் 'அடியார் வரலாறு' தூத்துக்குடியிலேயே மறுபதிப்பு கண்டது. அதைப் பதிப்பித்தவர் ச.இராசமாணிக்கம் அடிகள். முதல் அச்சுக்கும் இதற்கும் இடையே 381 ஆண்டுகள்.