சாயர்புரத்து ஆசிரியர் ஜி.யு. போப்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர், முதுமக்கள் தாழிகளால் தமிழரின் தொன்மையை உலகிற்கு உணர்த்திய ஊராகும். அவ்வூர் அமைந்த தூத்துக்குடி மாவட்டத்திலேயே, தமிழ் இலக்கியச் செல்வங்களை ஆங்கிலத்தின்வழி உலகறியச் செய்த அறிஞர் ஒருவரின் ஆசிரியப்பணி வேரூன்றியது. அவரே ஜி.யு. போப், அவர் பணியாற்றிய ஊர் சாயர்புரம்.

போப் 1820ஆம் ஆண்டு கனடாவின் பிரின்சு எட்வர்டு தீவில் பிறந்தார், இங்கிலாந்தில் வளர்ந்தார். சமயப்பணிக்காக 1839இல் சென்னைக்கு வந்த அவர், 1842இல் சாயர்புரம் சேர்ந்தார். பனைத்தொழிலை நம்பி வாழ்ந்தோர் மிகுந்த அப்பகுதியில் எழுத்தறிவு பெற்றோர் மிகச் சிலரே. அங்கு அவர் கல்விக்கூடம் நிறுவினார். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழோடு ஆங்கிலம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளையும் கற்பித்தார். உயர்கல்வி உயர்ந்தோர்க்கே உரியது என்றிருந்த காலத்தில் இஃது அரிய முயற்சியாகும்.

ஆயினும், போப் கண்டிப்பு மிகுந்தவர். மாணவர்கள் அவரது புலமையை மதித்தனர். அவர் அளித்த தண்டனைக்கு அஞ்சினர். அச்சத்தால் பெறும் கல்வி நிலைக்குமா என்னும் வினா இன்று நமக்கு எழுவது இயல்பே. அவ்வினாவிற்கு அவரது வாழ்வே விடை தருகிறது. அவரைத் தமிழில் ஆழச் செய்தது அச்சமன்று, ஆர்வமே. இராமாநுசக் கவிராயரிடம் பணிந்து தமிழ் பயின்றார். தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூரு எனப் பணியிடங்கள் மாறியபோதும் அப்பயிற்சியைக் கைவிடவில்லை. தமிழ் கற்கும் ஆங்கிலேயர்க்குக் கையேடும், பள்ளி மாணவர்க்கு வினா விடை வடிவில் இலக்கண நூலும் எழுதினார்.

தாயகம் திரும்பியபின் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். பலர் ஓய்வை நாடும் வயதில் அவரது பெரும்பணி தொடங்கியது. திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1886இலும், நாலடியாரை 1893இலும் வெளியிட்டார். திருவாசக மொழிபெயர்ப்பு 1900இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பது. கிறித்தவச் சமயப் பணியாளர் ஒருவர் சைவத் திருமுறையில் தோய்ந்து அதனைத் தம் மொழியில் தந்தது, மொழிப்பற்று சமய எல்லையைக் கடந்தது என்பதற்குச் சான்றாகும்.

போப் 1908இல் ஆக்சுபோர்டில் மறைந்தார். சாயர்புரத்தில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி இன்றும் இயங்குகிறது. கற்பித்த ஊர் அவரை ஆசிரியராக நினைவுகூர்கிறது. அவரோ இறுதிவரை தமிழின் மாணவராகவே வாழ்ந்தார்.