கோணம் மாற்றிய செசான்

முதல் வருஷம் இன்ஜினியரிங் டிராயிங்கில் பெர்ஸ்பெக்டிவ் போட்டு மண்டை காய்ஞ்சிருப்பீங்க. தூரம் போகப் போகக் கோடெல்லாம் ஒரே புள்ளியில் சேரணும். 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மறுமலர்ச்சிக் கலைஞர்கள் வகுத்த விதி அது. ஐரோப்பிய ஓவியம் நானூறு வருஷம் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அசைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் பால் செசான்.

பிறப்பு 1839, பிரான்சின் எக்ஸ் நகரம். வங்கி நடத்திய அப்பாவுக்காகச் சட்டம் படிக்கச் சேர்ந்தார். மனசு ஒட்டலை; பாதியில் விட்டுட்டு பாரிஸ் போனார். அங்கே அரசு ஓவியப் பள்ளியில் சீட் கிடைக்கலை. சலோன் கண்காட்சியோ ஒரே ஒரு தடவை தவிர, அனுப்பிய படங்களையெல்லாம் திருப்பி அனுப்பியது.

அவர் விடலை. ஆப்பிள்களையும் சொந்த ஊர் மலையையும் திரும்பத் திரும்ப வரைந்தார். அவர் படத்தில் மேசை ஒரு கோணத்திலும் அதன்மேல் கூடை வேறொரு கோணத்திலும் இருக்கும். யோசிச்சுப் பாருங்க, நம்ம கண்ணும் ஒரே இடத்தில் நின்றா பார்க்குது?

முதல் தனிக் கண்காட்சி நடந்தபோது வயது 56. 1906 அக்டோபரில், வெளியே வரைந்துகொண்டிருந்தபோது மழையில் மாட்டிக்கொண்டு, சில நாளில் இறந்தார். மறுவருஷம் பாரிஸில் அவருக்கு நினைவுக் கண்காட்சி. அவர் காட்டிய வழியில்தான் பிக்காசோவும் பிராக்கும் கியூபிசத்துக்குப் போனார்கள்.

அடுத்த தடவை டிராஃப்டரை எடுக்கும்போது இவரையும் நினைச்சுக்கோங்க. ஆனா ஷீட்டில் கோட்டை மட்டும் புள்ளியிலேயே சேர்த்துடுங்க, மார்க் முக்கியம்!