ஏ. நாராயணன்

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, பெரிய முதலியார்சாவடிக் கடற்கரையில், சென்ற விடுமுறையில் நாம் ஒரு காட்சி கண்டோம். சோப்பு ஒன்றுக்கு விளம்பரப் படம் எடுக்க வந்த சிலர், வெள்ளைப் பலகைகளால் வெயிலை நடிகையின் முகத்தில் திருப்பி, அரை நிமிடம் ஓடும் படத்திற்காக ஒரு பகல் முழுவதும் உழைத்தனர். சென்னையில் இத்தொழிலை நிலைநாட்டியவருள் ஒருவரான நாராயணன் அவர்களைப் பற்றி அவர்களிடம் வினவினோம், எவரும் அறிந்திலர். அதுவே இதனை எழுத நம்மைத் தூண்டிற்று.

நாராயணன் 1900-ம் ஆண்டில் சிவகங்கையிற் பிறந்தார். முதலில் படங்களைத் தருவித்துத் திரையரங்குகளுக்கு வழங்கும் தொழிலை நடத்தினார். தமிழ்நாட்டில் முதன்முதற் கதைப்படம் எடுத்த நடராஜ முதலியார் 1923-ம் ஆண்டளவில் தொழிலைக் கைவிட்டிருந்தார். பிறர் எடுத்த படங்களை விற்பதோடு அமையாது, தாமே எடுக்கவேண்டும் என்னும் வேட்கை நாராயணனுக்கு எழுந்தது. 1928-ல் அமெரிக்கா சென்று ஹாலிவுட் நகரின் தொழின்முறைகளை நேரிற் கண்டு திரும்பினார்; 1929-ல் சென்னையில் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பொரேஷனை நிறுவினார். அதன் முதற்படம் 'தர்மபத்தினி'. கதைப்படங்களேயன்றி, வணிக நிறுவனங்கள் வேண்டியவாறு குறும்படங்களும் எடுத்துத் தந்தார். விளம்பரப் படத் தொழிலுக்கு அஃதொரு முன்னோடி எனலாம். பின்னாளிற் பெயர்பெற்ற கலைஞர் சிலர் அவரது நிறுவனத்திலேயே தொழில் பயின்றனர்.

1931-ல் பேசும்படம் வந்தது. அதுமுதல் தமிழ்ப் படம் எடுப்போர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் செல்லவேண்டியதாயிற்று. அங்கேதான் ஒலிப்பதிவுக் கருவிகள் இருந்தன. நடிகர், பாடகர், வாத்தியக்காரர் யாவரும் நெடுவழி சென்றனர். பொருளும் காலமும் வீணாயின. இக்குறை தீர்க்க நாராயணன் 1934-ல் சென்னையிலேயே ஸ்ரீநிவாஸ சினிடோன் என்னும் ஒலிப்படக் கூடத்தை அமைத்தார். ஒலிப்பதிவு செய்தவர் வேற்றூர் வல்லுநர் அல்லர். அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மையாரே. இந்தியாவில் அப்பணி செய்த முதற் பெண்மணி அவர் என்பர். 'ஸ்ரீநிவாச கல்யாணம்' என்னும் படம் அங்கே உருவாயிற்று. சென்னையிலேயே எடுக்கப்பெற்ற முதல் தமிழ்ப் பேசும்படம் அதுவே.

ஆயினும் அவரது வாழ்நாள் குறுகியது. 1939-ல், நாற்பது வயதும் நிரம்புமுன், அவர் காலமானார். அந்நாளைய தென்னிந்திய ஊமைப் படங்களுள் இன்று பெரும்பாலும் முழுமையாக எஞ்சியது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே என்பர். அஃது அவர் எடுத்ததன்று. பிறர் பொருளையும் பிறர் முகத்தையும் மக்கள் நினைவில் நிறுத்தும் தொழிலை வளர்த்தவர், தம் பெயரை நிறுத்திக்கொள்ளாது மறைந்தார்.

படச்சுருள் அழிவது இயல்பு. உழைத்தோர் பெயரும் உடன் அழிவது நமது குற்றம். திரைத்தொழில் நாடிச் செல்லும் மாணவர் இக்காலத்துப் பலர். அன்னோர் பெரிய முதலியார்சாவடி மணலிலே வெயிலைப் பிடிக்கும் பலகையைக் கையிலேந்தும்போது, அத்தொழில் சொந்த ஊரிலேயே நடைபெற வழி செய்தவரையும் அவர்தம் மனைவியாரையும் ஒருகணம் நினைவார்களாக.