வில்லியம் கேரியும் தொழிலின் மேன்மையும்

உலகில் உழைப்போர் பலர். உழைப்பில் உவகை காண்போர் சிலரே. ஊதியம் கருதி உழைப்போர், உயர்பதவி கருதி உழைப்போர், தம் தொழிலையே தமக்குரிய அழைப்பாகக் கொண்டு உழைப்போர் என இவர்களை மூவகையாகப் பகுப்பர் இக்கால உளநூலார். உயர்ந்த தொழில் வாய்த்தாலன்றி மூன்றாம் நிலை எய்தலாகாது எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்துமோ என்பதை வில்லியம் கேரி பெருமானின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவர் 1761-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்து நார்தாம்டன்ஷயரிலுள்ள பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நெசவாளர், பின்னர் அவ்வூர்ப் பள்ளியாசிரியரானவர். வெயில் தாங்காத தோல்நோய் இருந்தமையால் வயல்வேலை இவருக்கு ஒவ்வாதாயிற்று. ஆதலின் பதினான்காம் வயதளவில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். தாமே விரும்பித் தேர்ந்த தொழிலன்று அது. உடற்பிணி காட்டிய வழியேயாம். எனினும் கை தோலைத் தைத்திருக்க, கண் நூலை நாடிற்று. இலத்தீன், கிரேக்கு, எபிரேயம் முதலிய மொழிகளைப் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே கற்றார்.

1785-ஆம் ஆண்டு முதல் மோல்டன் என்னும் ஊரிற் பள்ளியாசிரியராகவும் சபைப் போதகராகவும் விளங்கினார். வருவாய் போதாமையால் செருப்புத் தைத்தலையும் விட்டாரில்லை. காகிதத் தாள்கள் பலவற்றை ஒட்டி உலகப்படம் ஒன்று வரைந்து தாம் வேலை செய்யும் இடத்துச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு தேசத்தின் மக்கட்டொகையையும் சமயத்தையும் அதிற் குறித்து வைத்தார். ஊசியும் நூலும் ஏந்திய கை அங்கே. உள்ளமோ கடல் கடந்த நாடுகளில். 1792-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கெட்டரிங் நகரில் அவரும் நண்பரும் கூடி மிஷன் சங்கம் ஒன்றை நிறுவினர். அன்று அவர்கள் தருவதாக வாக்களித்த தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் மாத்திரமே.

1793-ஆம் ஆண்டு நவம்பரில் கேரி வங்காளம் வந்து சேர்ந்தார். வந்தபின் கைப்பொருள் தீர்ந்தது. 1794-இல் மட்னபாட்டியில் அவுரித் தொழிற்சாலை ஒன்றின் மேற்பார்வையாளராய் அமர்ந்து, அவ்வூதியத்தால் குடும்பத்தைக் காத்துக்கொண்டே வங்கமொழியிற் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து வந்தார். அவ்வாண்டிலேயே அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் நோயால் மாண்டான். தாய்நாட்டை விட்டுவர முதலில் மனமில்லாதிருந்து பின்னர் இசைந்து வந்த அவர் மனைவியார் தாரதி அம்மையார், மனநோயுற்று, 1807-இல் இறக்குமட்டும் நலம் பெற்றாரில்லை. கேரியின் புகழைப் பேசுவோர் அவ்வம்மையார் பட்ட துயரை மறைத்தல் நேர்மையன்று. ஒருவர் ஏற்ற அழைப்பின் விலையை வேறொருவரும் செலுத்த நேர்வதுண்டு என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வங்காளத்தில் ஏழாண்டுகள் உழைத்தும் வங்காளியருள் ஒருவரேனும் ஞானஸ்நானம் பெறவில்லை. 1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தேனியர் ஆட்சியிலிருந்த சீராம்பூருக்குக் குடியேறி, மார்ஷ்மன், வார்டு என்னும் இருவரோடு கூடி அச்சகம் நிறுவினார். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 28-ஆம் நாள் கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஞானஸ்நானம் பெற்றார். மறு ஆண்டில் வங்கமொழிப் புதிய ஏற்பாடு அச்சேறியது. கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி கற்பிக்கும் பதவியும் கேரிக்குக் கிடைத்தது. அதனாற் பெற்ற பெரும்பொருளில் தமக்கென எடுத்துக்கொண்டது சிறிதே. எஞ்சியதெல்லாம் மிஷனுக்கு உரியதாயிற்று.

இனி, அவர் உள்ளத்தின் உறுதியைக் காட்டும் நிகழ்ச்சிக்கு வருகின்றோம். 1812-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் மாலை சீராம்பூர் அச்சகம் தீப்பற்றி எரிந்தது. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். பல்லாண்டுகள் தேடித் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படிகள், இலக்கண நூல்கள், மொழிபெயர்ப்புகள், காகிதக் கட்டுகள், தமிழ் உட்படக் கீழ்த்திசை மொழிகள் பலவற்றின் அச்செழுத்துக்கள் யாவும் ஒரே இரவிற் சாம்பலாயின. மறுநாள் புகையெழும் இடிபாடுகளினூடே நடந்த கேரியின் கண்களில் நீர் நிறைந்திருந்ததாம். அத்துயரை மறைத்து வீரம் பேசினாரல்லர். ஆயினும் ஒருமுறை சென்ற வழி மறுமுறை எளிதாகும் எனத் தேறி, எரிந்தவற்றுள் இயன்றவற்றை மீண்டும் எழுதத் தொடங்கினார். அச்சு யந்திரங்களும் எழுத்து வார்க்கும் உருக்கு அச்சாணிகளும் அழியாது எஞ்சின. உருகிக் கிடந்த உலோகத்தைக் கொண்டே எழுத்துக்கள் மீண்டும் வார்க்கப்பட்டன. செய்தி எட்டிய ஐம்பது நாட்களுக்குள் பிரிட்டனிலுள்ள அன்பர் ஏறத்தாழ 10,000 பவுன் திரட்டினர். ஆனால் பன்மொழி அகராதி மாத்திரம் அச்சேறவேயில்லை. பொருளால் ஈடு செய்யக்கூடாத இழப்பும் உண்டன்றோ?

பின்னரும் 22 ஆண்டுகள் உழைத்தார். 1818-இல் சீராம்பூர்க் கல்லூரி தோன்றியது. 1820-இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அமைந்தது. 1829-இல் உடன்கட்டை ஏறுதலைத் தடுக்கும் சட்டம் வங்கமொழியிற் பெயர்க்கும்படி ஞாயிற்றுக்கிழமையில் அவரிடம் வந்தபோது, தாமதத்தால் ஓருயிரும் போகலாகாதென்று, பிரசங்கத்தை வேறொருவரிடம் ஒப்புவித்து அன்றே அதனை முடித்தார். 1834-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் நாள் சீராம்பூரிலேயே காலமானார்.

அவருடைய மொழிபெயர்ப்புகளிற் பிழைகள் மலிந்திருந்தன; பின்வந்தோர் பலவற்றைப் புதிதாகவே ஆக்கினர். அப்படியாயின் அவ்வுழைப்பு வீணோ? அன்று. செம்மையான பயிரைப் பின்வந்தோர் விளைத்தது, அவர் காடு வெட்டித் திருத்திய நிலத்திலேயாம்.

ஆளுநர் விருந்தொன்றில், கேரி முன்னாளிற் பாதரட்சை செய்பவராயிருந்தாரன்றோ எனப் படைத்தலைவர் ஒருவர் அருகிருந்தவரை வினவினாராம். அதனைச் செவியுற்ற கேரி, புதியன செய்யும் அளவுக்குத் தாம் உயர்ந்தவரல்லர், கிழிந்தவற்றைத் தைத்தவரே எனத் திருத்தினார். பழைய தொழிலைக் குறித்து நாணாமையே அவர் புதிய தொழிலிலும் செருக்கடையாமைக்குக் காரணம் என்பது எம் கருத்து.

கல்லூரியை விட்டு நீங்கும் நம்மிற் பலருக்கு விரும்பிய வேலை வாய்த்தல் அரிது. கணக்கெழுதும் மேசையோ, சிற்றூர்ப் பள்ளியோ, யாது கிடைப்பினும் அதனருகே நாமும் ஓர் உலகப்படத்தை மாட்டிக்கொள்வோமாக. கை செய்யும் வேலை சிறிதாயினும், அதனால் யாருக்கு நலம் விளையும் என்பதைக் கண் கண்டுகொண்டிருக்குமாயின், அவ்வேலை நமக்குச் சுமையாகாது.